காரில் இருக்கலாம்

இதுவரை நான் போன பிரயாணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில், வேலை மாற்றம். இரண்டு மூன்று தடவை இலக்கியக் கூட்டம். காரணம் எதுவுமில்லாமல் ஓர் ஊருக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வருவது என் தலைமுறைக்குப் பரிச்சயமில்லாத காரியம். அப்படிப் போகிறவர்கள் பணக்காரர்களாக இருக்க வேண்டும், அல்லது நோயாளிகளாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்து வந்திருக்கிறேன். நம் மொழியில் சும்மா இருத்தல் ஞானிகளுக்கு விதிக்கப்பட்டது. குடும்பஸ்தன் சும்மா இருந்தால் அது வசைச் சொல்.

2020 ஜனவரியில் நானும் மனைவியும் கலிபோர்னியாவில் ஸன்னிவேல் என்ற ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். ஆறு மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச்சில் விமானங்கள் நின்றுபோயின. கோடை முழுதும் நான்கு பேரும் ஒரே வீட்டில் அடைந்து கிடந்தோம். ஆகஸ்டில் ஒருநாள் மகன், "செப்டம்பர் கடைசியில மூணு நாள் எங்கயாவது போய்ச் சும்மா இருந்துட்டு வரலாம்ப்பா" என்றான். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. எதற்கு என்றுதான் கேட்டேன்.

அவன் சொன்ன இடம் நாபா பள்ளத்தாக்கு. ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே, சுமார் 30 மைல் நீளத்தில் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் திராட்சை பூமி. ஒயின் தயாரிக்கும் இடங்கள் மட்டும் நானூறுக்கு மேல். அவனுடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் போய்வருவார்களாம். நான் அசிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கின் வடமுனையில், ஐயாயிரம் பேர் வசிக்கும் காலிஸ்டோகா என்ற சிற்றூரில் தங்கலாம் என்று அவன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நாற்பது வருஷங்களுக்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றில் அதைப் படித்திருக்கிறேன். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1883இல் வெளியிட்ட 'தி ஸில்வராடோ ஸ்க்வாட்டர்ஸ்'. 1880 மே மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஃபானி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, தேனிலவுக்கு அவர் வந்த ஊர் காலிஸ்டோகா. அவருக்கு நுரையீரல் நோய். கையில் பணமில்லை. வெந்நீர் ஊற்று ஹோட்டலின் குடில் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மேலே மலையில் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் கொட்டகையில் வாடகை கொடுக்காமல் குடியேறினார்கள். புத்தகத்தின் தலைப்பு அதைத்தான் சொல்கிறது. அத்துமீறிக் குடியிருந்தவர்கள்.

ஆக, எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சும்மா இருக்கப் போவதல்ல, ஸ்தல யாத்திரை. ஒரு பக்கம் காலியாக இருந்த தாளை எடுத்து அன்று இரவே திட்டம் எழுத ஆரம்பித்தேன்.

திட்டம் போடுவதில் ஒரு போதை இருக்கிறது. போகிற இடத்தைவிட அது சுகமானது என்றுகூடச் சொல்லலாம். எழுதாத நாவலைப் போல அதில் எந்தக் குறையும் இருப்பதில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர உண்டு மகிழ்ந்திருக்கும்படி நக்கீரர் பாண்டியனுக்குச் சொல்கிறார் என்பதைக்கூட ஒரு மூலையில் குறித்துக்கொண்டேன். குடிக்கப் போவதற்கு ஒரு சங்கப் புலவரின் சிபாரிசு எனக்குத் தேவைப்பட்டது.

அந்த ஊரின் சரித்திரமே ஒரு சிறுகதை. ஸாம் பிரானன் என்ற பத்திரிகைக்காரன், கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தியை ஊரெல்லாம் பரப்பிப் பெரும் பணக்காரனானவன், 1860களில் அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உல்லாச நகரம் ஒன்றைக் கட்டினான். நியூயார்க் பக்கத்து ஸாராடோகாவைப்போல 'கலிபோர்னியாவின் ஸாராடோகா' ஆக்கப் போகிறேன் என்று சொல்ல வந்து, குடிபோதையில் நாக்குப் புரண்டு 'ஸாராஃபோர்னியாவின் காலிஸ்டோகா' என்று உளறினான் என்று கதை. உளறல் நின்றுவிட்டது; அவன் நிற்கவில்லை. சொத்தெல்லாம் போய் 1889இல் ஏழையாகச் செத்தான். அவனுக்கு எவ்வளவோ காலம் முன்பே அந்த ஊற்றுகளை வாப்போ என்ற பழங்குடியினர் பயன்படுத்தி வந்தார்கள். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் பெயர்ப்பலகையில் இல்லை.

மகனுடைய கவலை வேறு விதமானது. வார நாளில் போக வேண்டும், சனி ஞாயிறென்றால் 29ஆம் எண் சாலையில் கார்கள் நகராது, திரும்பும்போது கிழக்குப் பக்கத்து ஸில்வராடோ பாதையைப் பிடித்தால் கொடிகளைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்றான். ஒயின் ருசி பார்க்க நினைத்த இடத்தில் நுழைந்துவிட முடியாது. 1990இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஏற்பட்ட இடங்களுக்கு முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு ஒன்றையும் சொல்லாது. கார் ஓட்டுகிறவன் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவான், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள் என்றான். விழுங்காமல் ருசி சொல்வதை நம் மதிப்புரையாளர்களிடம் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னான். காலிஸ்டோகாவில் இருக்கும் ஷாட்டோ மாண்டலேனா என்ற இடத்தின் 1973ஆம் வருஷத்து வெள்ளை ஒயின், 1976 மே மாதம் பாரீஸில் நடந்த ஒரு பரிசோதனையில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின்களைத் தாண்டி முதலிடம் பெற்றது. சிவப்பிலும் நாபாவுக்கே முதலிடம். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாட்டில்களின் பெயரை மறைத்துக் கொடுத்திருந்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நம்மில் பத்துப் பேரின் கவிதைகளைப் பெயரை எடுத்துவிட்டு நம்மிடமே மதிப்புப் போடக் கொடுத்தால் என்ன ஆகும்? யார் யாருடன் பேசாமல் போவோம் என்பது நிச்சயமாகத் தெரிகிறது. கவிதையைப் பற்றி நிச்சயமில்லை.

திட்டம் இருபத்தொரு வரிகளுக்கு வளர்ந்தது. முதல் நாள், வழியில் ஸெயின்ட் ஹெலீனா ஊரில் ஸ்டீவன்ஸனுக்கென்று 1969இல் ஏற்பட்ட அருங்காட்சியகம். பிறகு ஷ்ராம்ஸ்பர்க். 1862இல் ஜேகப் ஷ்ராம் என்ற ஜெர்மானியர் தொடங்கிய தோட்டம் அது; ஸ்டீவன்ஸன் நிலவறையில் ஒவ்வொன்றாக ருசி பார்த்த இடம். இரண்டாம் நாள், எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள். மூன்றாம் நாள் ஸெயின்ட் ஹெலீனா மலை, 4,342 அடி. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கட்டடம் எதுவும் இல்லை. திறந்த புத்தகத்தின் வடிவில் 1911இல் வைத்த நினைவுக்கல் மட்டும் இருக்கிறது. சாலையில் காரை நிறுத்திவிட்டு ஏறக்குறைய ஒரு மைல் ஏற வேண்டும். மனைவிக்கு இழுப்பு, முழங்காலும் சரியில்லை. பத்தொன்பதாவது வரியில் எழுதினேன்: அவள் காரில் இருக்கலாம்.

அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்தே கலிபோர்னியாவில் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. சூரியன் வரவேயில்லை. தெருவில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் தவறாகத் தோன்றும். கதவிடுக்குகளில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தோம். மனைவி நெபுலைசரின் முகமூடியை மாட்டிக்கொண்டு சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். நான் அவள் எதிரில் உட்கார்ந்து, கடற்கரைப் பனி எட்டாத உலர்ந்த காற்றைத் தேடி ஸ்டீவன்ஸன் மலையேறிய அத்தியாயத்தைக் கணினியில் படித்துக்கொண்டிருந்தேன். நுரையீரலுக்காக அவர் போன இடத்துக்கு, நுரையீரல் சரியில்லாத இவளை நான் அழைத்துப்போகத் திட்டமிட்டிருந்தேன். அதுவும் தீ பிடிக்கும் பருவத்தில். இது எனக்கு அன்று முரணாகவே படவில்லை. மலை, புத்தகக் கல், மூடுபனி என்று மனம் வேறெங்கோ இருந்தது.

செப்டம்பர் 29 செவ்வாய்க்கிழமை நாங்கள் புறப்படுவதாக இருந்தது. 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஸெயின்ட் ஹெலீனாவுக்கும் காலிஸ்டோகாவுக்கும் இடையே தீ பிடித்தது. பிற்பாடு அதற்கு 'கிளாஸ் தீ' என்று பெயர். திங்கள் இரவு காலிஸ்டோகா முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். ஐயாயிரம் பேர். மூன்று வருஷம் முன்பு, 2017 அக்டோபரில், அந்த ஊரருகே கிளம்பிய இன்னொரு தீ மலையைத் தாண்டி மேற்கே ஸான்டா ரோஸா வரை போய் 22 பேரைக் கொன்றிருந்தது. அப்போதும் இந்த ஊர் காலியாகித் திரும்பியது. ஊர் தப்பியது, ஆனால் அந்த வருஷத்துத் திராட்சையில் புகை ஏறிவிட்டதென்று பலர் சிவப்பு ஒயினே போடவில்லை.

மகன் அறையை ரத்து செய்தான். மேஜைமேல் கிடந்த திட்டத்தை மனைவி கையில் எடுத்தாள். நாலு கடை சாமான் எழுதக் காலிப் பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கத்தான் எடுத்தாள். படித்தாள். மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல். பிறகு தாளை வைத்துவிட்டு, "கார்ல உட்கார்ந்திருக்கறதுக்கு நான் இங்கயே இருந்துட்டுப் போறேனே. போகாததும் நல்லதாப் போச்சு" என்றாள். கோபமில்லை. ரசம் கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய பின் 'ஸில்வராடோ ஸ்க்வாட்டர்ஸ்' புத்தகத்தை முழுக்க மறுபடி படித்தேன். நாற்பது வருஷமாக அந்தப் புத்தகத்திலிருந்து எனக்கு ஞாபகம் இருந்தவை: கீழே பள்ளத்தாக்கு முழுவதும் கடல்போல நிரம்பும் மூடுபனி, ஷ்ராமின் வராந்தா, முதன்முறையாகத் தொலைபேசியில் பேச நேர்ந்து அவர் பதறுவது. ஃபானியை எனக்கு ஞாபகம் இல்லை. புத்தகத்தில் அவள் இல்லாமலில்லை. விளையாட்டாக அவளுக்கு ராணிப் பட்டம். அவளுடைய முதல் கல்யாணத்துப் பையனுக்கு இளவரசுப் பட்டம். நாய்க்குக்கூட ஒரு பிரபுப் பட்டம். மலையேறிய சில நாட்களில் அவளுக்கும் பையனுக்கும் லேசான தொண்டை அடைப்பான் வந்து எல்லோரும் காலிஸ்டோகாவுக்கே இறங்க வேண்டி வந்தது. இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. அவர் உடம்புக்காகப் போன இடத்தில் அவள் படுத்தாள் என்பதை நாற்பது வருஷமாக நான் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னோர் இடம். கதவும் ஜன்னலும் உடைந்து கிடந்த கொட்டகையை, சேதங்களைச் சரி செய்து, திறப்புகளை வெள்ளைப் பருத்தித் துணியால் அடைத்துக் குடியிருக்கும்படி ஆக்கினோம் என்று எழுதுகிறார். ஆக்கினோம். அந்த 'ஓம்' விகுதிக்குள்ளே சுத்தியலைப் பிடித்தது யார், துணியை இழுத்துப் பிடித்தது யார் என்று தெரிவதில்லை. இருமிக்கொண்டிருந்த மனிதன் எவ்வளவு பிடித்திருப்பான்?

ஸ்டீவன்ஸனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பழைய பத்திரிகைகளில் வந்த என் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் நாலு வீடு மாறினோம். இரவு பதினோரு மணிக்கு வந்த நண்பர்களுக்குச் சாப்பாடு போட்டோம். பத்திரிகையின் ஆறு இதழ்களை வீட்டிலேயே மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பினோம். வீடு மாறிய நாட்களில் நான் அலுவலகத்தில் இருந்தேன். சாப்பாடு போட்ட இரவுகளில் நான் வாசலறையில் விவாதித்துக்கொண்டிருந்தேன். தபால்தலை மட்டும் நானும் ஒட்டியிருக்கிறேன். இந்த வரிகளைப் படிப்பவர்களில் சிலர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். பாண்டியனுக்குப் பொற்கலம் ஏந்திய பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வளையல் போட்டிருந்தார்கள் என்பது. 'ஓம்' பொய் சொல்வதில்லை. கணக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அவள் காரில் இருக்கலாம் என்றேனே, அந்த 'லாம்' இதைவிட மோசம். யாரோ அனுமதி கேட்டதுபோலவும் நான் தாராளமாகக் கொடுத்ததுபோலவும் இருக்கிறது.

2024இல் மறுபடி போனோம். இந்த முறை பருவத்தை மருமகள் தேர்ந்தெடுத்தாள். அறுவடை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, கூட்டமும் கட்டணமும் அப்போது அதிகம், தீயும் அப்போதுதான். ஏப்ரலில் கொடிகளில் புதுத் தளிர் விட்டிருக்கும், மலை பச்சையாக இருக்கும், புகை இருக்காது. திட்டம் எழுத என்னைக் கூப்பிடவில்லை. "அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?" என்று மருமகள் கேட்டாள். மனைவிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று நினைக்கிறேன். நெடுநேரம் கழித்து, "வெந்நீர்" என்றாள்.

அங்கே எரிமலைச் சாம்பலைக் குழைத்த சேற்றில் கழுத்துவரை புதைந்து கிடக்கலாம் என்றான் மகன். "எங்க ஊர் எருமை காசு கொடுக்காம செய்யறது அதை" என்றாள். ஊற்று நீர் நிரப்பிய நீச்சல் குளம் போதும் என்று முடிவாயிற்று. குளத்தில் புடவையோடு இறங்க விடமாட்டார்கள். மூன்று மாலைகள் இந்த ஒரு விஷயம்தான் பேச்சு. கை முழுதும் கால் முழுதும் மூடுகிற நீச்சல் உடை ஒன்றை மருமகள் வாங்கி வந்தாள். மனைவி அதைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். எங்களுக்குக் காட்டவில்லை. அடுத்த நாள் அது துவைத்துக் கொல்லைப்புறத்தில் காய்ந்தது; போவதாகத்தான் முடிவு என்று தெரிந்துகொண்டோம்.

சமைப்பதில்லை என்று நிபந்தனை. கிளைக் கடைகளாக நடக்கும் உணவகங்களை 1990களிலேயே அந்த ஊர் தடுத்துவிட்டதாம். தெருவில் இருக்கும் நாலைந்து இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். புறப்படுவதற்கு முந்தின இரவு அடுக்களையில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தது. மருமகள் எழுந்து போனாள். ஏதோ வாக்குவாதம். ஒரு சிறு பாட்டிலோடு சமரசமாயிற்று.

வழியில் மகன் ஸன்னிவேலின் பழைய தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். பழப்பெட்டி டப்பாவின் வடிவில் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பிரதேசமும் ஒரு காலத்தில் பழத்தோட்டம். இப்போது மிஞ்சியது டப்பாவின் உருவம். நாபாவில் 1968லேயே விவசாய நிலத்தைத் துண்டு போட்டு வீடு கட்டக் கூடாதென்று சட்டம் செய்துகொண்டார்கள். இல்லாவிட்டால் அங்கேயும் இன்று ஒரு தொட்டி நின்றிருக்கும்.

ஒயினை ஒரே ஓர் இடத்தில் குடித்தோம். நான்தான் குடித்தேன். எந்தச் சரிவில் எந்த மண்ணில் விளைந்தது என்று அந்தப் பெண் கால் மணி நேரம் சொன்னாள். நாம் மூடிய லாட்ஜ் அறையில் ஊறுகாயோடு அவசரமாக முடித்துவிடுகிற காரியத்துக்கு இவ்வளவு பேச்சு. எனக்குப் புளிப்பும் கொஞ்சம் மரப்பட்டை வாசனையும் தெரிந்தன. மனைவி கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை மகன், "மலைக்குப் போகலாமா அப்பா?" என்றான். மனைவி, "நீங்க போயிட்டு வாங்க. நான் கார்ல இருக்க மாட்டேன். தண்ணியில இருப்பேன்" என்றாள். நான்கு வருஷமாக அவளும் அந்த வரியை மறக்கவில்லை.

போகவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மைல் ஏற எனக்கும் முடியாதென்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. குளத்தங்கரையில் நாற்காலியில் சட்டை பொத்தானைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. நீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை நீரில், வடக்கே மலையைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் இருக்கக் கூடாது, தலை சுற்றும் என்று குளத்துக்காரப் பையன் இரண்டு முறை வந்து சொன்னான். நான் மொழிபெயர்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை.